மாதம் ஐந்நூறு ரூபாய் யாருடைய பெட்ரோலுக்கு? அராரிபோயா காவலர்களைப் பற்றி ஒரு சந்தேகம்

ஓடைக்கரை | ஞாயிறு, இரவு 10.12

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது ஒரு யோசனை தேவைப்படுகிறது.

பிரேசிலில் மரன்யாவ் என்று ஒரு மாநிலம். அமேசான் காட்டின் கிழக்கு ஓரம். அங்கே அராரிபோயா என்ற பழங்குடி நிலம் சுமார் 4,13,000 ஹெக்டேர், நம் நீலகிரி மாவட்டத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். குவஜஜாரா மக்களின் ஊர்கள் அதற்குள் இருக்கின்றன. இன்னும் உள்ளே, வெளியாட்களே வேண்டாம் என்று ஒதுங்கி வாழும் அவா மக்களின் சில குடும்பங்கள். சுற்றிலும் மாட்டுப் பண்ணையும் மர மில்லும்தான். மரத் திருடர்கள் லாரியோடு உள்ளே வருகிறார்கள் என்று 2012 வாக்கில் குவஜஜாரா ஊர்க்காரர்களே ஒரு ரோந்துக் குழு தொடங்கினார்கள். 'காட்டின் காவலர்கள்' என்று பெயர். சம்பளம் கிடையாது. முகத்தில் சாயம் பூசிக்கொண்டு மோட்டார் சைக்கிளிலும் நடந்தும் போகிறார்கள். லாரியைப் பிடித்தால் சில நேரம் அங்கேயே எரித்துவிடுகிறார்கள்.

2019 நவம்பர் 1 அன்று அந்தக் குழுவைச் சேர்ந்த பாவ்லோ பாவ்லினோ குவஜஜாராவைச் சொந்த நிலத்துக்குள்ளேயே பதுங்கியிருந்து சுட்டுக் கொன்றார்கள். 26 வயது. கூட இருந்த லாயெர்சியோ குண்டடியோடு தப்பித்தார். அந்த நாளில்தான் இவர்களைப் பற்றி முதன்முதலாகப் படித்தேன். அப்புறம் விட்டுவிட்டுத் தேடித் தேடிப் படித்துக்கொண்டே இருக்கிறேன்.

இப்போது மாதம் ஐந்நூறு ரூபாய் அனுப்பலாம் என்று நினைக்கிறேன். இது அவர்கள் கைக்குப் போய்ச் சேருமா? இந்தியாவிலிருந்து அனுப்ப முடியுமா? முதலில், இப்படி அனுப்புவதில் அர்த்தம் ஏதாவது இருக்கிறதா? வீட்டில் கேட்டால் சிரிக்கிறார்கள்.

சுண்டைக்காய் | ஞாயிறு, இரவு 10.40

உங்கள் வீட்டில் சிரித்ததில் தப்பே இல்லை.

முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இருக்கிறார்களே, அவர்களில் எத்தனை பேர் இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் என்று தெரியுமா? வருடக்கணக்காகத் தற்காலிக வேலை. யானை விரட்டப் போவதும் அவர்கள்தான், தீ அணைக்கப் போவதும் அவர்கள்தான். அதை விட்டுவிட்டு பத்தாயிரம் மைலுக்கு அப்பால் யாருக்கோ பெட்ரோல் போடுவானேன்? தூரத்துக் காடு எப்போதும் அழகாகத்தான் தெரியும், சார்.

தேன்தட்டு | ஞாயிறு, இரவு 11.25

சுண்டைக்காய், நீங்கள் சொல்லும் குறை நியாயமானது. ஆனால் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டீர்கள். வேட்டைத் தடுப்புக் காவலர் வனத்துறை வைத்த ஆள். துறை வேண்டாம் என்றால் நாளைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஓடைக்கரை சொல்லும் ஆட்களை யாரும் வேலைக்கு வைக்கவில்லை. ஊரே கூடி, "நம் காட்டை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று போனவர்கள். முதலாமவருக்கு வேண்டியது நிரந்தர வேலையும் சம்பளமும். இரண்டாமவர் சம்பளம் கேட்கவே இல்லை. அவர் கேட்பது வேறு.

நான் ஒடிசாவில் ஒரு தொண்டு நிறுவனத்தில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். நயாகர் மாவட்டத்தில் 'தெங்காபள்ளி' என்று ஒரு வழக்கம். தெங்கா என்றால் தடி, பள்ளி என்றால் முறை. இன்று எங்கள் வீட்டு முறை என்றால் நாங்கள் தடியை எடுத்துக்கொண்டு காட்டைச் சுற்றி வருவோம். சாயங்காலம் திரும்பும்போது அந்தத் தடியை அடுத்த வீட்டு வாசலில் சாத்திவிட்டு வந்துவிடுவோம். வாசலில் தடி இருந்தால் விடிந்ததும் அவர்கள் முறை. கதவைத் தட்டிச் சொல்ல வேண்டாம், கையெழுத்து வேண்டாம். பல ஊர்களில் பெண்கள்தான் போகிறார்கள். நான் தங்கியிருந்த வீட்டு அம்மா காலையில் கதவைத் திறந்து தடியைப் பார்த்ததும் "ஐயோ, இன்னைக்கா!" என்று தலையில் கை வைப்பார். அன்றைக்குத்தான் அவர் மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. ஆனாலும் போனார். என்னையும் இழுத்துக்கொண்டு.

அந்தத் தடியைப் பார்த்துவிட்டு, தில்லியிலிருந்து வந்த ஒரு நன்கொடையாளர் எல்லா வீட்டுக்கும் டார்ச் லைட்டும் சீருடையும் கொடுக்கலாம் என்றார். ஊர்க்கூட்டத்தில் ஒரு பாட்டி கேட்டார்: "சட்டை கொடுத்தா, சட்டை போட்டவங்க மட்டும்தானே காவல்?" அதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. பணம் கொடுப்பதற்கு முன்னால் இந்த மாதிரி விஷயங்களையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும், ஓடைக்கரை.

ஓடைக்கரை | திங்கள், காலை 7.05

அக்கா, தடி விஷயம் அருமை. இரவெல்லாம் அதுதான் மனதில் ஓடியது. ஆனால் ஒன்று. அராரிபோயாவில் எதிரே வருபவன் கோடாரி தூக்கிய பக்கத்து ஊர்க்காரன் இல்லையே. துப்பாக்கியோடு வருகிறான். அங்கே தடி போதுமா?

தேன்தட்டு | திங்கள், காலை 7.50

போதாது. நான் அப்படிச் சொல்லவும் இல்லை.

அங்கே என்னென்ன செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அதே மரன்யாவ் மாநிலத்தில் அல்தோ துரியசு என்ற இடத்தில் காபோர் மக்கள். 2014இல் அவர்கள் மரத் திருடர்களைப் பிடித்துக் கட்டிப் போட்டு லாரிகளை எரித்த படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. எல்லாருக்கும் நினைவிருப்பது அந்தப் படங்கள்தான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவர்கள் செய்த இன்னொரு காரியம். திருடர்கள் லாரி கொண்டுவர வெட்டிய பாதை காட்டுக்குள் நுழைகிற இடத்திலேயே சில குடும்பங்கள் குடியேறிவிட்டன. வீடு கட்டி, மரவள்ளி நட்டு, பிள்ளைகளோடு அங்கேயே இருந்துவிட்டார்கள். ரோந்துக்காரன் திரும்பிப் போவான் என்று காத்திருக்கலாம். குடியிருக்கிறவன் எங்கே போவான்?

பக்கத்தில் காரு என்ற நிலத்தில் குவஜஜாரா பெண்கள் 2014இல் தனியாக ஒரு குழு தொடங்கினார்கள். காட்டைச் சுற்றியுள்ள, பழங்குடியல்லாத ஊர்களுக்குப் போய் உட்கார்ந்து பேசுவதும் அவர்கள் வேலையில் ஒன்று. லாரி ஓட்டுகிறவனும் ரம்பம் பிடிக்கிறவனும் அந்த ஊர்களிலிருந்துதானே வருகிறான்.

இந்த இரண்டுக்கும் தேவையான செலவைக் கணக்குப் போட்டால் சாப்பாடு, பெட்ரோல், டயர், பூட்ஸ், கொசுவலை. ஜிபிஎஸ், ட்ரோன் எல்லாம் நல்லதுதான், அவர்களும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ட்ரோன் வாங்கித் தருகிறேன் என்பவர்கள் நிறையப் பேர், டயர் வாங்கித் தருகிறேன் என்பவர்கள் குறைவு. டயரைப் படம் எடுத்துப் போட்டால் யாரும் லைக் போட மாட்டார்களே!

மீகாங் மாமா | திங்கள், பகல் 1.15

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். திருப்பூர்க்காரன். கம்போடியாவில் ப்னோம் பென் அருகே ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் ஆறு வருடம் மெர்ச்சண்டைசராக இருந்தேன். அங்கே கண்டதைச் சொன்னால் ஓடைக்கரை தம்பியின் 'போய்ச் சேருமா' என்ற கேள்விக்கு உதவும்.

கம்போடியாவில் பிரே லாங் என்று ஒரு காடு. நான்கு மாகாணங்களில் பரவிக் கிடக்கிறது. குய் பழங்குடிகளின் மொழியில் 'எங்கள் காடு' என்றே அதற்கு அர்த்தம். எங்கள் தொழிற்சாலையில் தையல் வேலை பார்த்த ஒரு பெண்ணின் அப்பா அந்தப் பக்கம் பிசின் எடுப்பவர். ஒரு புது வருட விடுமுறைக்கு அவர்கள் ஊருக்குப் போயிருந்தேன். வானளாவ நிற்கும் மரம். அதன் இடுப்பு உயரத்தில் ஒரு குழி. அந்தக் குழிக்குள் காய்ந்த ஓலையைக் கொளுத்திக் காட்டி, கொஞ்ச நேரத்தில் அணைத்துவிடுவார்கள். சில நாள் கழித்து வந்தால் குழிக்குள் தேன் நிறத்தில் பிசின் தேங்கி நிற்கும். நம் குங்கிலிய வாசனை. படகின் சந்து அடைக்கவும் பந்தம் கொளுத்தவும் அதுதான். அந்தப் பெரியவர் தன் மரங்களை எண்ணிக் காட்டினார், நம் ஊரில் தென்னை எண்ணிக் காட்டுவது போல. இது என் அப்பா கொடுத்தது, இது மகளுக்கு, என்று.

பிசின் எடுக்கும் மரத்தை வெட்டக் கூடாது என்று அந்நாட்டின் 2002ஆம் வருட வனச் சட்டமே சொல்கிறது. மரத் திருடர்கள் முதலில் வெட்டுவது அந்த மரங்களைத்தான். பருமனாக, நேராக இருக்குமே. அதனால் ஊர்க்காரர்கள் நான்கு மாகாணங்களிலும் சேர்ந்து ரோந்து வலையமைப்பு ஒன்று வைத்தார்கள். செல்போன் செயலி ஒன்றில் வெட்டிய அடிமரத்தைப் படம் எடுத்து இடத்தோடு பதிவார்கள். 2015இல் அவர்களுக்கு ஐக்கிய நாடுகளின் ஈக்குவேட்டர் பரிசு கிடைத்தது.

இனிமேல்தான் கதை. 2016இல் அரசு பிரே லாங்கை வனவிலங்குச் சரணாலயம் ஆக்கியது, 4 லட்சத்துச் சொச்சம் ஹெக்டேர். அமெரிக்க உதவிப் பணம் வந்தது. வந்த பணத்தில் பெரும் பகுதி அரசோடு சேர்ந்து செய்யும் திட்டங்களுக்கு. 2020 பிப்ரவரியில் ஊர்க்காரர்கள் வருடா வருடம் செய்யும் மரத்துக்கு ஆசி வேண்டும் சடங்குக்குப் போனபோது, சுற்றுச்சூழல் அமைச்சகம் உள்ளே விடவில்லை. அந்த வலையமைப்பு பதிவு செய்யப்படாத அமைப்பாம். இத்தனை வருடம் காட்டைக் காத்தவர்களுக்கு வாசலில் தடை, லாரிகள் வழக்கம்போல. கடைசியில் 2021 ஜூனில் அமெரிக்காவே அரசுக்கான உதவியை அந்தத் திட்டத்தில் நிறுத்தியது.

ஆக, பணம் போகும் பாதையைப் பாருங்கள் தம்பி. காட்டின் பெயரில் போகிற பணமெல்லாம் காவல் காக்கிறவனுக்குப் போகாது. சில சமயம் அவனை வெளியே தள்ளுகிறவன் கைக்கே போகும்.

சுண்டைக்காய் | திங்கள், பகல் 2.02

மாமா சொன்னதைத்தான் நான் வேறு வார்த்தையில் சொன்னேன். அனுப்பாதீர்கள்.

மீகாங் மாமா | திங்கள், பகல் 2.10

நான் அனுப்பாதே என்று சொல்லவில்லையே? பாதையைப் பார்த்து அனுப்பு என்றேன். நீங்கள் கேட்க விரும்பியதை மட்டும் கேட்டுக்கொள்கிறீர்கள்.

வக்கீல் நோட்டீஸ் | திங்கள், மாலை 6.30

கோர்ட்டிலிருந்து இப்போதுதான் வந்தேன். நல்ல இழை. சட்டப் பக்கத்தை யாரும் தொடவில்லை, அதனால் நான்.

பிரேசிலின் 1988 அரசியலமைப்பில் 231ஆம் பிரிவு இருக்கிறது. பழங்குடிகள் வழிவழியாக வாழும் நிலத்தின் உரிமை மத்திய அரசுக்கு. ஆனால் அதை அனுபவிக்கும் உரிமை அந்த மக்களுக்கு மட்டுமே. அதைக் காப்பது அரசின் கடமை. அதாவது, குவஜஜாராக்கள் செய்துகொண்டிருப்பது அரசு செய்ய வேண்டிய வேலை. இபாமா என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் அதிகாரிகளுக்குப் பிடித்த எந்திரத்தைக் களத்திலேயே அழிக்க அதிகாரம் உண்டு. காவலர்களுக்குக் கிடையாது. இவர்கள் லாரியை எரித்தால், நாளைக்கு எரித்தவர் மீதும் வழக்கு வரலாம். உயிரும் போகிறது, சட்டப் பாதுகாப்பும் இல்லை. ஆதரவு என்று பேசும்போது இந்த ஓட்டையையும் பேச வேண்டும்.

நம் நாட்டில் 2006 வன உரிமைச் சட்டம். பலர் இதைப் பட்டா கொடுக்கும் சட்டம் என்றே நினைக்கிறார்கள். 3(1)(ஐ) பிரிவைப் பாருங்கள்: சமூக வன வளத்தைப் பாதுகாக்க, மீண்டும் வளர்க்க, நிர்வகிக்க உரிமை. 5ஆம் பிரிவு: காட்டையும் உயிரினங்களையும் காக்க கிராம சபைக்கு அதிகாரம். மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி மாவட்டத்து மெண்டா லேகா என்ற கோண்டு ஊர் 2009இல் சுமார் 1,800 ஹெக்டேருக்கு இந்த உரிமையை வாங்கியது. காகிதம் கையில் வந்தும் மூங்கிலை விற்க விடவில்லை. 2011இல் அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் போய்ப் போக்குவரத்து அனுமதிப் புத்தகத்தைக் கிராம சபையிடம் கொடுத்த பிறகுதான் மூங்கில் ஊருக்குச் சொந்தமானது. புரிகிறதா? லாரியைத் தடுக்கிற அதிகாரத்தைவிட, லாரிக்குச் சீட்டு எழுதுகிற அதிகாரம் பெரியது. சீட்டு எழுதும் உரிமை ஊரிடம் இருந்தால், சீட்டு இல்லாத லாரி திருட்டு லாரி. விவாதமே இல்லை.

ஜவ்வாது சாமை | திங்கள், இரவு 9.20

எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மட்டும் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் ஜவ்வாது மலையில் பள்ளி ஆசிரியை. இந்த இழையில் 'மரத் திருடன்' என்ற வார்த்தை எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். எங்கள் மலைக்காரர்களை வெளியே சொல்வதும் அதே வார்த்தையைத்தான். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரச் சிறப்புப் படை சுட்டு 20 பேர் செத்தார்கள். பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். எங்கள் மலையாளிப் பழங்குடி ஆட்களும் அதில் உண்டு. செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று படை சொன்னது. பிடித்துக் கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்று உறவினர்கள் சொன்னார்கள்.

புரோக்கர் வருவான். கல்யாணக் கடன் இருக்கிறதா, சாமை விளையவில்லையா, அதெல்லாம் அவனுக்கு முன்பே தெரியும். கையில் முன்பணம் கொடுப்பான். ராத்திரி பஸ். ஒரு கட்டையைத் தோளில் சுமந்து மலை இறங்கினால் கிடைக்கும் கூலிக்கும், அதே கட்டை வெளிநாட்டில் போகும் விலைக்கும் நடுவில் இருக்கிறவன் ஒருநாளும் காட்டுக்குள் காலை வைத்ததில்லை. குண்டு அவன் மீது பாயாது.

பிரேசிலிலும் ரம்பம் பிடிக்கிறவன் ஏழையாகத்தான் இருப்பான். காவலுக்குப் போகிறவனும் ஏழை. இரண்டு ஏழைகள் இருட்டில் எதிரெதிரே நிற்கிறார்கள், நாம் ஒருவனுக்கு டார்ச் வாங்கிக் கொடுக்கிறோம். கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பாவ்லினோவுக்காக எனக்கும் துக்கம்தான். மரம் வாங்குகிறவன் பெயர் இந்த இழையில் ஏன் வரவே இல்லை என்று மட்டும் கேட்கிறேன்.

தேன்தட்டு | திங்கள், இரவு 9.48

டீச்சர், நீங்கள் சொன்னதற்குப் பதில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. காரு பெண்கள் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போய் உட்காருவதைச் சொன்னேனே, அதை நான் பாதிதான் புரிந்துகொண்டிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

தூத்துக்குடி மரவாடி | செவ்வாய், காலை 6.15

டீச்சர் அம்மா கேட்டது எனக்குத்தான். நான் மரம் வாங்குகிறவன். தாத்தா காலத்திலிருந்து மரவாடி. கப்பலில் வரும் உருட்டுக்கட்டையை இறக்குமதிக்காரர்களிடம் எடுத்து, அறுத்து, நிலைக்கும் கதவுக்கும் கொடுக்கிறோம்.

உள்ளதைச் சொல்கிறேன். ஒரு லோடு வரும்போது என் கையில் வரும் காகிதங்கள்: பில், கப்பல் ரசீது, எந்த நாட்டிலிருந்து ஏற்றியது என்ற சான்று, பூச்சி இல்லை என்று புகை போட்ட சான்று. மரத்தின் வெட்டுமுகத்தில் பெயிண்டில் நம்பர், சுத்தியலில் அடித்த முத்திரை. பூச்சி இல்லை என்று நிரூபிக்க ஒரு காகிதம் இருக்கிறது. எந்தக் காட்டில், யாருடைய நிலத்தில் வெட்டியது என்று சொல்ல ஒன்றும் இல்லை. நாங்கள் கேட்பதும் இல்லை. வாடிக்கையாளர் கேட்பது மூன்றே கேள்வி: கன அடி என்ன விலை, வெடிக்குமா, கரையான் பிடிக்குமா.

பர்மா தேக்கு உருட்டுக்கட்டை ஏற்றுமதியை 2014 ஏப்ரலில் அந்த நாடு நிறுத்தியது. அதற்கப்புறம் ஆப்பிரிக்கத் தேக்கு, தென்னமெரிக்கத் தேக்கு என்று பல பெயர். அதில் பெரும்பாலும் தோட்டத்து மரம்தான், காட்டு மரம் இல்லை. அராரிபோயா மரம் என் வாடிக்கு வந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. அதுதான் விஷயம்.

வக்கீல் நோட்டீஸ் | செவ்வாய், காலை 8.40

அண்ணாச்சி, இவ்வளவு நேர்மையாக எழுதியதற்கு நன்றி. அமெரிக்காவில் லேசி சட்டத்தை 2008இல் திருத்தி, வேறு நாட்டில் திருட்டுத்தனமாக வெட்டிய மரத்தை இறக்குவதும் குற்றம் என்று ஆக்கினார்கள். ஐரோப்பாவிலும் அப்படி ஒரு சட்டம் உண்டு. நீங்கள் சொல்லும் காகிதக் கட்டைப் பார்த்தால், நம் துறைமுகத்தில் அந்தக் கேள்வியே எழுவதில்லை என்று புரிகிறது.

ஓடைக்கரை | செவ்வாய், காலை 9.15

அண்ணாச்சி சொன்னதைப் படித்ததும், அங்கே மட்டும் காகிதம் எப்படி வருகிறது என்று தேடிப் படித்ததை எழுதுகிறேன்.

அங்கே திருடர்கள் குறி வைக்கும் மரங்களில் முக்கியமானது இப்பே. பெங்களூரில் பிப்ரவரி, மார்ச்சில் தெருவெல்லாம் பூத்துக் கொட்டுமே டபெபூயா, அதன் சொந்தம். கட்டை தண்ணீரில் போட்டால் மூழ்கும், அவ்வளவு கெட்டி. மழையிலும் வெயிலிலும் கிடந்தாலும் உளுக்காது. அமெரிக்கா, ஐரோப்பாவில் வீட்டுக்கு வெளியே போடும் மரத்தளத்துக்கு இதுதான் ராஜா. நியூயார்க்கில் கோனி தீவுக் கடற்கரையின் மர நடைபாதையிலும் இது இருக்கிறது.

ஆனால் காட்டில் இந்த மரம் கூட்டமாக நிற்காது. பல ஹெக்டேருக்கு ஒன்று என்று சிதறி நிற்கும். ஒரு மரத்துக்காக நீளமாகப் பாதை வெட்ட வேண்டும். அந்தப் பாதை வழியாக மற்ற மரங்களும் போகும், அப்புறம் தீயும் வரும். 2015இல் அராரிபோயாவில் பாதிக்கு மேல் எரிந்துபோனது.

சரி, திருட்டு மரத்துக்குக் காகிதம்? அனுமதி உள்ள வேறு ஒரு காட்டில் மரக் கணக்கெடுப்பு நடக்கும். அதில் பத்து இப்பே இருந்தால் முப்பது என்று எழுதுவார்கள். இல்லாத இருபது மரத்துக்கும் வெட்டும் அனுமதி கிடைக்கும். அந்த அனுமதிச் சீட்டைப் பழங்குடி நிலத்தில் வெட்டிய மரத்தோடு சேர்த்தால் முடிந்தது, சட்டப்படியான மரம். அவர்கள் பேச்சில் இதற்குப் பெயர் மரத்தைச் 'சூடாக்குவது'. வக்கீல் சார் சொன்னாரே, லாரிக்குச் சீட்டு எழுதுகிறவன் பெரியவன் என்று. அதுதான் இது.

இப்பே இனங்களைப் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க 2022இல் முடிவு செய்து, 2024 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள். தாமதம்தான். வந்ததே என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

சுண்டைக்காய் | செவ்வாய், பகல் 12.30

சரி, இழை சூடாகிவிட்டது, நானும் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். நேற்று ராத்திரி என் தம்பியிடம் இதைச் சொன்னேன். அவன் கேட்டான்: "நீ முதுமலைக் காவலருக்கு இதுவரை என்ன கொடுத்திருக்கிறாய்?" ஒன்றுமில்லை. எனவே ஊரைச் சாக்காக வைத்து நான் பேசியது அவ்வளவு யோக்கியமான வாதம் இல்லை.

ஆனாலும் ஒரு கேள்வி. பணம் போகட்டும். வெளியிலிருந்து கடிதம் எழுதுவது, கையெழுத்து இயக்கம் என்கிறார்களே, அதில் எங்கேயாவது ஏதாவது நடந்திருக்கிறதா? எனக்கு நம்பிக்கை இல்லை.

தேன்தட்டு | செவ்வாய், பகல் 1.05

நடந்திருக்கிறது, ஒரு இடமாவது எனக்குத் தெரியும். அதே மரன்யாவ் மாநிலத்திலேயே அவா மக்களின் தனி நிலம். 2012இல் பழங்குடி உரிமைகளுக்காக வேலை செய்யும் சர்வைவல் இன்டர்நேஷனல் அமைப்பு அவர்களுக்காக உலக அளவில் ஒரு இயக்கம் தொடங்கியது. பிரேசில் நீதி அமைச்சருக்கு ஆயிரக்கணக்கில் கடிதங்கள். 2014 தொடக்கத்தில் ராணுவம், காவல்துறை, இபாமா எல்லாம் சேர்ந்து போய் அந்த நிலத்தில் இருந்த மரத் திருடர்களையும் ஆக்கிரமித்தவர்களையும் வெளியேற்றினார்கள். கடிதத்தால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். அங்கே பல வருடம் நீதிமன்ற வழக்கு நடந்தது, மக்களே போராடினார்கள். ஆனால் கோப்பு மேசையில் அசைந்ததற்குக் கடிதமும் ஒரு காரணம்.

இன்னொன்று. அராரிபோயாவில் பிறந்த சோனியா குவஜஜாரா 2023 ஜனவரியில் பிரேசிலின் முதல் பழங்குடி மக்கள் அமைச்சர் ஆனார். 2025இல் அராரிபோயாவிலிருந்து ஊடுருவியவர்களை வெளியேற்றும் அரசு நடவடிக்கையும் தொடங்கியது. அதற்காகக் காவலர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. அரசுப் படை வரும், கொஞ்ச நாள் இருக்கும், போய்விடும். பாதை அங்கேயேதான் இருக்கும்.

அதனால் ஓடைக்கரை, என் கணக்கு இது. பணம் அனுப்புவதென்றால் அந்த ஊர்க்காரர்களே நடத்தும் சங்கத்துக்கு, அல்லது அவர்கள் பெயர் சொல்லிக் காட்டும் அமைப்புக்கு. அதிலும் 'எதற்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்' என்று அனுப்புங்கள். ட்ரோனுக்கு, பயிற்சிக்கு என்று குறிப்பு எழுதாதீர்கள். டயர் வெடிப்பது உங்கள் குறிப்பைப் பார்த்து வெடிக்காது.

மீகாங் மாமா | செவ்வாய், பகல் 3.40

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ரோந்துக்காரர்களின் முகத்தையும் ஊர்ப்பெயரையும் போட்ட படங்களைப் பகிராதீர்கள், அவர்களே போட்டதாக இருந்தாலொழிய. கம்போடியாவில் சுட் வுத்தி என்று ஒருவர், பிரே லாங் ஊர்க்காரர்களுக்குத் துணையாக நின்றவர். 2012 ஏப்ரலில் கோ காங் மாகாணத்தில் இரண்டு பத்திரிகையாளர்களைக் கூட்டிக்கொண்டு மரத் திருட்டைக் காட்டப் போன இடத்தில் சுட்டுக் கொன்றார்கள். அவர் உலகறிந்தவர். அவருக்கே அந்தக் கதி. பெயர் தெரியாத ஒருவரை நாம் 'வீரர்' என்று பட்டம் கட்டிப் பகிர்ந்தால், அந்தப் படம் முதலில் போய்ச் சேருவது லைக் போடுகிறவர்களிடம் இல்லை.

பிசின் எடுக்கும் அந்தப் பெரியவரோடு எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. இந்த இழையில் போடலாம் என்று முந்தாநாள் தேடி எடுத்தேன். போடவில்லை.

ஓடைக்கரை | புதன், மாலை 7.10

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அனுப்ப முடியுமா என்று யாரும் சொல்லவில்லை, நானே வங்கியில் கேட்டேன். முடியும். ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் வெளிநாட்டு நன்கொடைக்கும் இடம் உண்டு, பான் எண் வேண்டும், ஏ2 படிவம் நிரப்ப வேண்டும். நம் வருமான வரியில் கழிவு கிடைக்காது. மாதம் ஐந்நூறு அனுப்பினால் வங்கிக் கட்டணம் அதைவிட அதிகம்! கவுன்டரில் இருந்த அம்மா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வருஷத்துக்கு ஒரு தடவை சேர்த்து அனுப்புங்க தம்பி" என்றார். 'பெறுபவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு' என்று கேட்டபோது கொஞ்சம் முழித்தேன். அவரே "உறவு இல்லைன்னு எழுதுங்க" என்றார்.

டீச்சர், நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு பாதியை உங்கள் மலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்களே?

ஜவ்வாது சாமை | புதன், இரவு 8.30

தப்பாக எடுக்கவில்லை. ஆனால் இது சமரசம் மாதிரி தெரிகிறது, தம்பி. அங்கே அனுப்ப நினைத்ததை அங்கேயே அனுப்புங்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் பணத்தைவிட முதலில் ஒன்று வேண்டும்: இந்தப் பக்கம் வரும்போது பள்ளிக்கு வந்து, அந்தக் குவஜஜாராக்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுங்கள். காட்டுக்காரன் காட்டைக் காவல் காக்கிறான் என்ற கதையை எங்கள் பிள்ளைகள் கேட்டதே இல்லை. அவர்கள் கேட்டதெல்லாம் மறுபக்கம்தான்.

சாமைச் சோறு போடுகிறேன்.

தூத்துக்குடி மரவாடி | வியாழன், காலை 6.20

நேற்று ஒரு லோடு எடுக்கப் போன இடத்தில், இறக்குமதிக்காரரிடம் சும்மா கேட்டுப் பார்த்தேன்: "இது எந்தக் காட்டு மரம்? வெட்ட அனுமதி கொடுத்த காகிதம் ஏதாவது இருக்கா?" அவர் என்னையே பார்த்தார். "அண்ணாச்சி, இருபது வருஷமா மரம் எடுக்கிறீங்க, இன்னைக்கு என்ன புதுசா? மரத்துல ஏதும் குறை இருக்கா?" என்றார். இல்லை, தெரிந்துகொள்ளத்தான் என்றேன். மெயில் போட்டுக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

வக்கீல் நோட்டீஸ் | வியாழன், காலை 9.05

பதில் வந்ததா, அண்ணாச்சி?

தூத்துக்குடி மரவாடி | வியாழன், இரவு 9.50

இன்னும் இல்லை. மரம் மில்லுக்குப் போயாச்சு. பாதி அறுத்தும் ஆச்சு.